பெட்ரோலில் கங்கை

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பைத்தியங்கள் இரண்டு பேர். ஒருவன் பந்தயத்தில் ஓட்டுகிறவன். இன்னொருவர், ஓட்டியது செல்லாது என்று சொல்கிறவர். ஓட்டுகிறவன் என் அத்தையின் ஒரே பிள்ளை, எனக்கு அத்தான். செல்லாது என்கிறவர் பெரியப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே நாங்களும் பெரியப்பாவும், மாடியில் அத்தையும் அத்தானுமாக இருந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வாரநாட்களில் பாலிடெக்னிக் வாத்தியார். பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி. அத்தான் ஓட்டிய பந்தயத்துக்கு ஒரே ஒரு பெரிய விதிதான். கடையில் வாங்கிய வண்டி, கடையில் வாங்கியபடியே ஓட வேண்டும். எளிய விதி என்றுதான் தோன்றும். ஆனால் அதை மீற நம் ஆட்கள் கண்டுபிடித்திருந்த வழிகளுக்குக் கணக்கே இல்லை. இன்ஜின் தலையை அரத்தால் இழைப்பார்கள், உள்ளே இருக்கும் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள், பெட்ரோலில் எதையாவது கலந்து காரம் ஏற்றுவார்கள். பெரியப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பந்தயத்துக்கு முன்னால் இன்ஜினுக்குக் கம்பி கோத்து ஈய முத்திரை வைப்பார். முடிந்த பிறகு முத்திரையை உடைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அளப்பார். அவருடைய தகரப் பெட்டியில் விதவிதமான அளவுகோல்கள் வெல்வெட் துணியில் படுத்திருக்கும். எங்களுக்கெல்லாம் அதைத் தொட அனுமதி கிடையாது. "கண்ணளவு ஒரு அளவே இல்லை" என்பார். அம்மா உப்பைக் கையால் அள்ளிப் போடும்போதும் அதையே சொல்வார். அம்மா இன்னொரு கை உப்பைப் போடுவாள்.

அப்படிப்பட்டவருக்குச் சொந்தம் பந்தம் எல்லாம் வாசலோடு சரி. அந்த வருஷப் பொங்கலுக்குத் தெருப்பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழ ஓட்டம் வைத்தார்கள். கரண்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழம் விழாமல் நான்தான் முதலில் வந்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் பெரியப்பா முன்னால் வந்து, "இவ நடுவுல கட்டை விரலால பழத்தைத் தொட்டா. செல்லாது" என்றார். பரிசாக வைத்திருந்த சோப்புப் பெட்டி எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. விரல் பட்டது உண்மைதான். அதற்காக, சொந்தத் தம்பி பெண்ணை நடுத்தெருவில் இப்படிச் செய்வார்களா? பல நாட்கள் அவருக்கு நான் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அத்தை பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தானுக்கோ வண்டியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது. முந்தின வருஷம் ஒரு திருப்பத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டு வந்தான். மாதக்கணக்கில் அத்தைதான் ஊட்டிவிட்டாள். கட்டுப் பிரித்த மறுநாளே சந்தில் மறுபடியும் வண்டிச் சத்தம் கேட்டது. அத்தை மாடிக் கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயத்தைப் பார்க்க ஒரு வண்டிக் கம்பெனியின் ஆள் வருகிறார். அத்தான் ஜெயித்தால் அவனைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வார்கள், பந்தயம் ஓட்டுவதே அவன் வேலையாகிவிடும். ஜெயிக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு தி.நகரில் ஒரு ஆடிட்டரிடம் போய்ச் சேர வேண்டும். அத்தான் உடனே தலையாட்டினான். தோற்பது என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

பெரியப்பாவுக்குத்தான் சங்கடம். மருமான் ஓடும் பந்தயத்தைத் தான் பரிசோதிப்பது முறையில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று பந்தயக்காரர்களிடம் போய்ச் சொன்னார். எலுமிச்சம்பழக் கதை அங்கே வரைக்கும் போயிருந்தது போலிருக்கிறது. அவர்கள் சிரித்துவிட்டு, உங்களைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்கு எங்கே கிடைப்பார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் எல்லோரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தான் மட்டும் இல்லை. அத்தை ரசம் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, பெட்ரோல்ல தண்ணி கலந்துடுத்துன்னா என்ன ஆகும்?"

"ரெண்டு இருமல் இருமிட்டு நின்னுடும். ஏன், ஒங்க ஸ்கூல்ல கேக்கறாளா?"

"ஆமா, ஒரு பொண்ணு கேட்டா. ஓட்டறவாளுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"வண்டி கிளம்பினாத்தானே ஆளுக்கு ஏதாவது ஆகறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா ரசத்தை உறிஞ்சினார்.

பந்தய நாள். விடிவதற்கு முன்பே என்னை எழுப்பி, தலை பின்னிவிட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திடல் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருந்தது. வாடகை வேன் தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. பெரியப்பா தன் மொபெட்டில் எங்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். ஊரார் வண்டிகளையெல்லாம் அளப்பவருடைய மொபெட்டைத் தெருநாய்கள் நடந்தே முந்தும். அத்தான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அத்தை ஒரு தட்டோடு வந்து, "நீ வாடி எங்கூட" என்று என்னைக் கூட்டிக்கொண்டு சந்துக்குப் போனாள். வண்டி அங்கே புதுமாப்பிள்ளை மாதிரி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"குங்குமம் நீ வை. நம்பர் எழுதியிருக்கு பாரு, அதுக்கு மேல."

அத்திம்பேர் போன பிறகு அத்தை தன் கையால் குங்குமம் எடுப்பதில்லை. நான் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன். எலுமிச்சம்பழத்தோடு எனக்கிருந்த பழைய பகையை அன்றைக்கு மன்னித்துவிட்டேன். பிறகு அத்தை தட்டிலிருந்து ஒரு செப்புச் சொம்பை எடுத்தாள். பூஜை அலமாரியில் மேல் தட்டில் இருக்குமே, காசிக்குப் போனவர்கள் கொண்டுவந்து தருகிற, வாயை ஈயத்தால் அடைத்த குட்டிச் சொம்பு, அதுதான். அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. கத்தி முனையால் அத்தை அந்த ஈயத்தை நெம்பினாள். பெரியப்பா இன்ஜினுக்கு வைக்கும் முத்திரையும் இப்படித்தான் இருக்கும்.

"கங்கா ஜலம். வண்டிக்குள்ள கங்கை இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து, சொம்பைச் சாய்த்து, மெதுவாக விட்டாள். பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் பழகிய கை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. சொம்பு காலியாகும் வரை விட்டாள். கடைசியில் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். யாரிடமும் சொல்லாதே என்றுகூட அவள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால்தான் பிள்ளைகள் சொல்லும் என்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா?

திடலை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அடேயப்பா, என்ன சத்தம், என்ன புகை! வேறு பந்தயங்களில் ஓடும் சில வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்து ஊற்றுவார்களாம். பேதிக்குக் கொடுக்கும் எண்ணெயின் வாசனை வானம் முழுவதும் அடித்தது. கொடி இறங்கியதும் ஒரு டஜன் வண்டிகள் ஒன்றாகச் சீறின. நான் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டேன். அத்தான் நீலத் தலைக்கவசம். அடையாறு ஒர்க்‌ஷாப்காரர் ஒருவரின் தம்பி மஞ்சள். முதல் சுற்றிலேயே மற்றவர்களெல்லாம் பின்னால் போய்விட்டார்கள். நீலமும் மஞ்சளும்தான் மாறி மாறி வந்தன. திருப்பத்தில் முழங்கால் தரையை உரசும் அளவுக்கு அத்தான் சாய்ந்து போனபோது நான் கத்திய கத்தலில் அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டது. பாதிப் பந்தயத்தில் நீலம் தனியாகப் பிரிந்து முன்னால் போயிற்று. நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். தயிர்சாதச் சம்புடத்தை மடியில் அணைத்துக்கொண்டு, அவள் அத்தானைப் பார்க்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்கை வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

கடைசிச் சுற்று. எதிர்ப்புறத்து நேர்ப்பாதையில் நீல வண்டி இருமியது. மறுபடியும் ஒரு இருமல். சத்தம் அப்படியே அடங்கிப்போயிற்று. பெட்ரோல் குறைந்து, அத்தான் குழாயை ரிசர்வுக்குத் திருப்பியிருக்கிறான். ரிசர்வ் என்றால் டேங்கின் அடியிலிருந்து எடுப்பது. இதெல்லாம் அப்பா பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மஞ்சள் நெருங்குகிறது, நெருங்குகிறது, நான் அப்பாவின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறேன். அத்தான் சட்டென்று குழாயை மறுபடி மேலே திருப்பி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து, மிச்சமிருந்த நாலு சொட்டுப் பெட்ரோலையும் வழித்துக் கொடுத்தான். வண்டி உறுமியது. இரண்டு பேரும் ஒன்றாகக் கடைசித் திருப்பத்தைத் திரும்பினார்கள். கட்டம் போட்ட கொடி வீசியபோது நீலச் சக்கரம் மஞ்சள் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

நான் அழுதேவிட்டேன். அத்தையும் அழுதாள்.

ஜெயித்த வண்டிகளைக் கயிறு கட்டிய அடைப்புக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே பெரியப்பா தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். கயிற்றைச் சுற்றி ஒரே கூட்டம். மஞ்சள் தம்பியின் அண்ணன், அந்த அடையாறு ஒர்க்‌ஷாப்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னா சார் இது? மாமா செக் பண்றாரு, மருமவன் ஜெயிக்கிறான். நாங்க இன்னாத்துக்கு இம்மாந்தொலவு வர்றது?"

"நியாயமான கேள்வி. நீங்களும் உள்ள வந்து பக்கத்துல நில்லுங்கோ" என்றார் பெரியப்பா. "கடைசிச் சுத்துல வண்டி ஏன் இருமித்துன்னு மொதல்ல பாத்துடுவோம்."

டேங்கின் அடிக்குழாயைக் கழற்றி, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேலே பெட்ரோல் சிவப்பாக நின்றது. அடியில் நிறமே இல்லாமல் வேறொன்று தனியாக நின்றது.

"தண்ணி" என்றார்.

அத்தான் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். ஒர்க்‌ஷாப்காரர் குடுவையை வாங்கி, மோந்து பார்த்து, சிரித்துவிட்டார்.

"தண்ணில வண்டி ஓடும்னா நான் இன்னாத்துக்கு கடை வச்சிகினு கீறேன்? பெட்ரோல் பங்க்காரன் வேலை சார் இது. தண்ணிய வச்சிகினே ஜெயிச்சிருக்கான்னா அவன்தான் ஆளு. என் தம்பி தோத்தான், அவ்ளோதான். உடு சார்."

கூட்டம் கைதட்டியது. கம்பெனி ஆள் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு புன்னகைத்தார். ஆனால் பெரியப்பா விடவில்லை. "பங்க்ல கலந்திருந்தா அது பங்கோட தப்பு, வண்டி செல்லும். நம்ம மனுஷா யாராவது கலந்திருந்தா செல்லாது" என்றார். அத்தானைப் பார்த்து, "நீ ஏதாவது சேத்தியா?" என்றார்.

"சத்தியமா இல்லே மாமா."

எனக்குப் பொறுக்கவில்லை. போயும் போயும் அதைத் தண்ணீர் என்கிறார்களே. கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனேன்.

"அது தண்ணி இல்லே பெரியப்பா. கங்கா ஜலம். அத்தை விட்டா."

 திடலே சிரித்தது. ஒர்க்‌ஷாப்காரர் மட்டும் சிரிக்காமல் குடுவையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, என் பின்னால் நின்றாள். பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"எவ்வளவு விட்டே?"

"ஒரு உத்தரணி அண்ணா."

பூஜைக் கரண்டி அளவுதான் விட்டாளாம். முழுச் சொம்பும் என்று திருத்த நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தோளை அழுத்தியது. கங்கை விஷயத்தில் குறைத்துச் சொன்னால் பாவம் இல்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

பெரியப்பா எழுந்தார். "சேர்த்தது சேர்த்ததுதான். எதுக்காகச் சேர்த்தோம்கறதுக்குப் புஸ்தகத்துல எடம் இல்லே. வண்டி செல்லாது" என்றார். கூட்டம் கூச்சல் போட்டது. ஒர்க்‌ஷாப்காரரே, "சாமி தண்ணி சார்" என்று கெஞ்சினார். பெரியப்பா காதில் வாங்கவில்லை.

"டேங்க்ல மிச்சம் இருக்கறதையும் பிடிச்சு அளந்துடலாமா சார்?" என்று கேட்டார், அவருக்கு உதவியாக இருந்தவர்.

"வேண்டாம்."

குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். வண்டிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றுகொண்டு, டேங்கில் இருந்தது மொத்தமும் மண்ணில் ஓடி வடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். குடுவையில் இருந்ததையும் அதே மண்ணில் கொட்டினார்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அத்தை அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தலை நிமிராமலே அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா. எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே விட்டே. அடுத்த தடவை தேங்கா மட்டும் உடை, போறும்" என்றான்.  அத்தை பெரியப்பாவைத்தான் பார்த்தாள். அவர் குனிந்து தகரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்துக்கும் சேர்த்து அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன். எவ்வளவு வெறுத்தேன் என்றால், வேனில் திரும்பும்போது அவர் மொபெட்டை முந்தினோம், நான் கையசைக்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் வீடு தேடி வந்தார். அடுத்த தடவை என்று அத்தான் சொன்னது பலித்துவிட்டது. "தண்ணியோட முதல்ல வந்தவன், நல்ல பெட்ரோல் குடுத்தா என்ன பண்ணுவான்?" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். கோப்பை போனாலும் வேலை கிடைத்துவிட்டது. அத்தான் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். அத்தை அவருக்குக் கொடுத்த காப்பியில் சர்க்கரையே இல்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் விசும்பி விசும்பி அழுததை நான்தான் பார்த்தேன். சந்தோஷத்தில் அத்தை அழுகிறாள் என்று வாசலுக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அத்தான் பல வருஷங்கள் ஓட்டினான். இன்னொரு தோள்பட்டையையும் முறித்துக்கொண்டான். அதற்குமேல் ஒன்றும் ஆகாமல், இப்போது தொப்பையோடு கோயம்புத்தூரில் இருக்கிறான். அவன் ஓட்டிய ஒரு பந்தயத்தையும் அத்தை தவறவிட்டதில்லை. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அத்தையே வேதியியல் டீச்சராக வந்தாள். ஒருநாள், அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனலில் தண்ணீரையும் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் குலுக்கி, மேசைமேல் நிறுத்தினாள். கலங்கியது மெல்லத் தெளிந்தது. "பாருங்கோ, ரெண்டும் சேராது. தண்ணி கனம், அடியில போயிடும். எண்ணெய் மேல நிக்கும். குழாயைத் திறந்தா மொதல்ல வர்றது தண்ணிதான்." சொல்லிக்கொண்டு வந்தவள் என் பெஞ்சுப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு, கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டாள். அதில் எழுத்தே இல்லை. எனக்கு ரசம் பரிமாறிய அந்தக் கை ஞாபகம் வந்தது. சொம்பைக் கவிழ்த்துத் தட்டிய கையும் ஞாபகம் வந்தது. கங்கை என்றால் ஒரு சொட்டுப் போதுமே. ஒரு சொம்பு வேண்டியிருந்தது இன்ஜினை நிறுத்தத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார். ஜன்னல் திருகாணி ஒன்றை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு டேங்க்ல இருந்த தண்ணியை நீங்க ஏன் பெரியப்பா அளக்கலை?"

அவர் வெர்னியரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"அளந்தேனே" என்றார்.

"எதால?"

"கண்ணால."